பூட்டு வகுப்பு

ஐந்நூறு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன்.
மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து,
ஓரத்தில் ரோஜா வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.
ரோஜா வந்திருந்தது.
"குழந்தைகளுக்கான பூட்டு வகுப்பு" என்றும் வந்திருந்தது.
ஒரே எழுத்துதானே மேடம் என்றார் அச்சகத்து முரளிதர்,
யார் பார்க்கப் போறாங்க?

பார்த்தார்கள்.
காலை எட்டுக்கு முதல் போன்:
பீரோ சாவி தொலைஞ்சிடுச்சு, இன்னைக்கே வருவீங்களா?
எட்டரைக்கு இன்னொன்று:
பையன் பத்தாவது ஃபெயில், சர்டிபிகேட் உண்டுங்களா?
அப்புறம் போனே இல்லை.
பேப்பர் போடுகிறவனுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.
மிச்சம் இருநூறு நோட்டீஸையும்
பேனாவால் திருத்த உட்கார்ந்தேன்.
பூ, பா. பூ, பா.

எனக்குக் கீழே அபாகஸ். எதிர் வரிசையில் கராத்தே.
கராத்தேக்கு வெள்ளை உடுப்பு இருக்கிறது,
அபாகஸுக்கு மணிச் சட்டம் இருக்கிறது.
சரளி வரிசையை
எந்த ஜன்னலில் தொங்கவிட்டுக் காட்டுவது?

நாலாம் நாள் பீரோக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்
என்னைக் கூட்டிப்போக.
குப்புராஜு, டெம்போ ஓட்டுகிறவர். கூடவே மகள் சங்கவி,
ஏழு வயது, ஸ்கூல் பையைக் கழற்றாமல்.
இது பாட்டுங்க, பூட்டு இல்லை என்றேன்.
அவர் நோட்டீஸைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
அதற்குள் அவள் அப்பாவின் சாவிக்கொத்தைப் பிடுங்கி
சுவரில் தட்டி ஆள் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்:
உப்பளம் நெல்லித்தோப்பு
உப்பளம் நெல்லித்தோப்பு
உப்பளம் நெல்லித்தோப்பு ஏறு ஏறு ஏறு

என் கை தானாகத் தொடைக்குப் போனது.
மூன்று, நான்கு. மூன்று, நான்கு.
மிஸ்ர சாபு.
கல்லூரியில் இது என் கையில் உட்கார
ஒரு செமஸ்டர் முழுக்க ஆனது.
இவளுக்குச் சில்லறை வாங்குகிற நேரம்.

அன்று ராத்திரி ஊரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
உப்பளம் திஸ்ரம். நெல்லித்தோப்பு சதுஸ்ரம்.
முத்தியால்பேட்டை கண்டம்.
நெல்லித்தோப்பில் ஏறி முத்தியால்பேட்டையில் இறங்கினால்
சங்கீர்ணம், ஒன்பது.
பின்னால் வந்து சேர்ந்த பர்னபாஸ் அழுகிற மாதிரி கேட்டான்,
எங்க வீடு முதலியார்பேட்டை மிஸ், அது எதுல வரும்?
ஆறு. ரூபகத்தில் உட்காரு என்றேன்.
வீடு கிடைத்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

படிகள் இருபத்திரண்டு.
சாக்பீஸால் ச ரி க ம எழுதிக்கொண்டே ஏறினேன்.
மூன்று ஸ்தாயி முடிந்து
ச சரியாக என் வாசலில் வந்து விழுந்தது.
கட்டின மேஸ்திரிக்குத் தெரிந்திருக்காது.
அபாகஸ் பிள்ளைகள் பதினோராம் படியில்
ம-வோடு திரும்பிவிடுவார்கள்.
ஒருத்தி, நசீஹா, திரும்பவில்லை.
மீதி எங்க போகுது என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தாள்.
அபாகஸ் சாருக்கும் எனக்கும் இப்போது பேச்சில்லை.

தகரக் கூரையில் காகம் நடக்கும்.
எத்தனை அடி வைக்கிறது, எண்ணுங்கள் என்பேன்.
எண்ணுகிற வாய் மூடியிருக்கும்.
பாட்டில் சும்மா இருக்கும் இடம் அப்படித்தான் என்று
பிறகு ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம்.

திருத்திய நோட்டீஸ் ஒன்றை
டெம்போவில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன்.
குப்புராஜு திருத்தாததைத்தான் கேட்டு வாங்கினார்.
சரியா இருந்தா யாருங்க கேப்பாங்க?
சீட்டுக்குப் பின்னால் ரோஜாவோடு ஒட்டியிருக்கிறார்.
பூட்டா, பாட்டா என்று கேட்பவர்களுக்கு
நெல்லித்தோப்பு வரும் வரை விளக்கம்.
இதோடு பதினொரு பேர்.
சங்கவிக்குப் பாதி பீஸ் என்றேன், முழுசாகவே தந்தார்.

பீரோ இன்னும் திறக்கவில்லையாம்.
ராத்திரியெல்லாம் அதன் கதவில்
ஏழு ஏழாகத் தட்டுறா மேடம் என்றார்,
புகார் சொல்லும் குரலில்,
கியர் மாற்றிக்கொண்டே.